தூண்டில் பக்கம்: உருண்டை ஏன் கரைகிறது?

கேள்வி: தை மாதம் நண்பர்கள் நான்கு பேர் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி, ரோகு மீனும் ஜிலேபி மீனும் பிடிக்க ஆசை. என்னென்ன வாங்க வேண்டும்? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: வாங்குவது இருக்கட்டும், முதலில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பல ஏரிகளில் மீன்பாசி உரிமை (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருக்கும். எடுத்தவர் யாரென்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து, அவரிடம் சொல்லிவிட்டே தூண்டில் போடுங்கள். இரவு தங்குவதற்கும் அங்கேயே அனுமதி கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் பறவைச் சரணாலயங்கள். அந்தப் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது.

கழி 7 அடி போதும், விலை உயர்ந்தது வேண்டாம். நரம்பு (தூண்டில் இழை) 0.30 மி.மீ. தூண்டில் முள், ரோகுவுக்கு 4 அல்லது 6ஆம் எண், ஜிலேபிக்கு 10. எண் கூடக் கூட முள் சிறுக்கும், கடையில் பலர் தடுமாறுவது இதில்தான். பெரிய மீன் தப்புவது பெரும்பாலும் முடிச்சில். முள்ளின் காதில் (மேல் முனைத் துளையில்) நரம்பைக் கோத்து, அதன் நுனியால் தாய்நரம்பை, அதாவது கழிக்குப் போகும் பகுதியை, 5 சுற்று சுற்றுங்கள். நுனியைக் காதருகே உள்ள வளையத்துக்குள் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை வெடுக்கென இழுத்தால் உராய்வுச் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும்.

கூடாரம் மதகுக்கு எதிரேயோ கலங்கலுக்கு (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்) கீழேயோ வேண்டாம். கரையில் முளை அடிப்பதும் கூடாது. தள்ளி, மேடாகப் பாருங்கள். தைப் பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் நம் மூச்சின் ஈரமே விடியலில் மேலே சொட்டும். கொசுவலையை மட்டும் மூடுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளை முடித்துவிடும்.

கேள்வி: தூண்டிலில் இரையாகக் கோக்கும் மாவு உருண்டை தண்ணீரில் விழுந்ததும் கரைந்துபோகிறது. என்ன தவறு? (வாசகர், மேட்டூர்)

பதில்: தண்ணீர் அதிகம், அவசரமும் அதிகம். தவிடு 2 பங்கு, கடலைப் புண்ணாக்குத் தூள் 1 பங்கு, மைதா 1 பங்கு. உலர்வாகவே கலந்து, தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளியுங்கள். தவிடு மெதுவாகத்தான் ஈரம் குடிக்கும். 15 நிமிடம் மூடி வைத்து மறுபடி பிசையுங்கள். பிய்த்த பஞ்சு கொஞ்சம் சேர்த்தால் முள்ளைக் கவ்விக்கொள்ளும். குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: பத்து நிமிடம் நிற்க வேண்டும், ஆனால் ஓரம் உதிர்ந்து கரையவும் வேண்டும். கல் மாதிரி கிடந்தால் வாசனை பரவாது, முள்முனையும் மீனின் வாயில் ஏறாது.

இன்னொன்று. விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் பசி என்று நினைக்காதீர்கள். பாசி மண்டிய ஏரியில் இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்து, மூச்சுக்குத் தவிக்கிறது. வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.

கேள்வி: ஏரி மீனில் மண்வாடை போக? (வாசகி, மதுராந்தகம்)

பதில்: அது மண் அல்ல, நீலப்பச்சைப் பாசி போன்றவை விடும் ஜியோஸ்மின். புளிப்பில் சிதையும். செவுள், குடல், வயிற்றுள் கறுப்புத் தோல் எல்லாம் எடுத்துவிட்டு, புளித்த மோரிலோ புளிக்கரைசலிலோ அரை மணி நேரம் ஊறவையுங்கள்.