பங்காளிக்குத் தீட்டு உண்டு

கேள்வி: சேமநிதி வாரியம் நம் பணத்தைச் செம்பனைத் தோட்ட நிறுவனங்களின் பங்குகளில் போட்டிருக்கிறது என்றும், அந்தத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நடத்தும் விதத்தையும் வாரியம் கவனிக்க வேண்டும் என்றும் சிலர் பேசுகிறார்கள். லாப ஈவு ஒழுங்காக வந்தால் போதாதா? அவர்கள் பாடு அவர்களோடு. அதில் எனக்கு என்ன பங்கு?
(ஓய்வு பெற்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர், சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் கடைசிச் சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. பங்குச் சந்தைக்காரர்கள் எடுத்துக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே ‘பங்கு’ நம் வீடுகளில் புழங்கிய சொல். பாகம் பிரித்தால் பங்கு, கோயிலில் கிடா வெட்டினால் பங்கு. பங்கு வாங்க உரிமை உள்ளவன் பங்காளி. அந்தப் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், அவரோடு நமக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும், கருமாதி முடியும்வரை நமக்கும் தீட்டு. சொத்தில் கைநீட்டும் உரிமை உள்ளவனுக்கு அந்த வீட்டுத் துக்கத்திலும் கடமை உண்டு என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு அது. ஊரில் தான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பங்காளி இறந்த செய்தி கப்பல் தபாலில் வந்து சேர்ந்தபோது, பதினாறு நாள் எப்போதோ கடந்துவிட்டிருந்தும், என் பாட்டி லயத்துக் குழாயடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டினார். நான் அப்போது சிறுவன். ஏன் என்று கேட்டேன். “பங்காளியாச்சே” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

நீங்களும் நானும் இன்று அப்படிப்பட்ட பங்காளிகள். 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி, தொழிலாளியின் சம்பளத்தில் 11 விழுக்காட்டையும், ஐயாயிரம் வெள்ளிவரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளியிடமிருந்து 13 விழுக்காட்டையும் மாதந்தோறும் சேர்த்து, இன்று ஒரு டிரில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சொத்தைக் கையாளுகிறது. அந்தப் பணம் பெட்டியில் உறங்குவதில்லை. அரசாங்கக் கடன்பத்திரங்களிலும், வங்கிகளிலும், நிறுவனப் பங்குகளிலும் அது வேலை செய்கிறது. சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற பெயரில் இருந்து 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களில் வாரியமும் ஒன்று. நீங்கள் முப்பது வருடம் மங்கு மங்காகச் சேர்த்த பாலின் காசில் ஒரு துளி, இன்று யாரோ ஒரு தொழிலாளி சுமக்கும் செம்பனைக் குலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தொழிலாளியின் பாடு எப்படி இருந்தது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். கேட்டது அமெரிக்கச் சுங்கத் துறை. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி என்ற மலேசியத் தோட்ட நிறுவனத்தின் செம்பனைப் பொருள்களையும், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் சைம் டார்பி பிளாண்டேஷனின் பொருள்களையும் அது துறைமுகத்தில் நிறுத்தியது. கட்டாய உழைப்பை அடையாளம் காண அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளை வகுத்திருக்கிறது: கடப்பிதழைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனில் கட்டிப்போடுதல், மிரட்டுதல் போன்றவை. சைம் டார்பி விஷயத்தில் பதினொன்றுக்கும் தடயம் இருப்பதாக அந்தத் துறை அறிவித்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் விதிமுறைகளைத் திருத்தியது. வேலைக்கு வருவதற்காக முகவர்களிடம் தொழிலாளர்கள் கட்டியிருந்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் தடை விலகியது. திருத்த முடிந்தது என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் திருத்த முடியுமென்றால் முன்பே திருத்தியிருக்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் உரிமை சேமநிதி வாரியத்துக்கு அத்தனை வருடமும் இருந்தது. அந்த வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய வழக்கையும் சொல்லியாக வேண்டும். 2002 பிப்ரவரியில், கலிபோர்னியா மாநில அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான கால்பெர்ஸ், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் பங்குகளிலிருந்து விலகுவதென்று முடிவெடுத்தது. அவர்கள் வைத்த அளவுகோல்களில் தொழிலாளர் தரமும் ஒன்று. அப்போது இதே பக்கத்தில், அந்நியன் குறை சொன்னான் என்று கோபப்படுவதற்கு முன் குறை உண்மையா என்று பார்ப்போம் என்று எழுதினேன். வங்கித் துறையில் இருந்த வாசகர் ஒருவர், நான் நாட்டைக் காட்டிக் கொடுப்பதாக நான்கு பக்கக் கடிதம் எழுதினார். கல்யாண வீடுகளில் சந்தித்தால் இன்றும் நாங்கள் அதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறோம். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்: விலகிப் போவதால் தோட்டத்தில் இருப்பவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. கலிபோர்னியாக்காரர் நமக்குச் சம்பந்தி மாதிரி. மனக்கசப்பு வந்தால் போக்குவரத்தை நிறுத்திக்கொள்ளலாம். நம் சேமநிதி பங்காளி; அப்படிப் போக முடியாது, ஐயா. ஆகவே உள்ளேயே இருந்துகொண்டு கேட்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

அதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம் என்பதுதான் என் நெடுநாள் வருத்தம். 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள், கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாடு நம் நாட்டு அரசு முதலீட்டு நிறுவனமான பிஎன்பியின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் தோட்டம் நாட்டுக்குத் திரும்பியது என்று பெரட்டுக் களத்தில்கூடப் பேசிக்கொண்டார்கள். பெருமைப்பட வேண்டிய நாள்தான், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம், அதுவும் தீபகற்பத்தில் 900 வெள்ளி, நடைமுறைக்கு வர 2013-ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. பங்கு கைமாறி 31 வருடம் ஆகியும், மழை பெய்த நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாதவனின் அடுப்பு என்ன ஆகிறது என்று புதிய பங்காளிகளில் எத்தனை பேர் கேட்டோம்? லயத்தில் குடியிருந்தவன் அன்று நம் ஆள். இன்று அங்கே வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். நம்மை ‘அவர்கள் பாடு அவர்களோடு’ என்று சொன்னவர்கள் மேல் நமக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கும்போது, அதே வாக்கியம் உங்கள் பேனாவிலிருந்து வந்தது எனக்கு வலித்தது.

லாப ஈவு குறைந்துவிடுமோ என்ற உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு கிடைத்தபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. என் வீட்டு மருந்துச் செலவும் அதில்தான் நடக்கிறது. ஆனால் தொழிலாளி முகவருக்குக் கட்டிய கடனையும், அவனுக்குக் கொடுக்காமல் விட்ட மிகை நேரக் கூலியையும் லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்ட நிறுவனம், ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். சரக்கு துறைமுகத்தில் கிடக்க வேண்டியிருக்கும். அந்த நட்டம் யார் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள்? பொறுப்பான முதலீடு என்ற கொள்கையை வாரியம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கொள்கை ஆண்டறிக்கையைத் தாண்டித் தோட்டத்து ஆபீஸ் வாசல்வரை போகிறதா என்று உறுப்பினராகிய நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். கடப்பிதழ் யார் பெட்டியில் இருக்கிறது, சம்பளச் சீட்டு எந்த மொழியில் இருக்கிறது என்று கேட்டாலே பாதி விஷயம் வெளிவந்துவிடும்.

இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தின் கீழே ஒரு ஒளிநகல் கடை இருக்கிறது. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டும் வங்காளதேச இளைஞர் ஒருவர், கைப்பேசி உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னார். அவரிடம் கடப்பிதழின் நகல் மட்டும் இருந்தது. அசல் ஆபீஸில் பத்திரமாக இருக்கிறதாம். உரியவரைத் தவிர வேறொருவர் சட்ட அதிகாரமின்றி அதை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சீட்டை மட்டும் படிக்கச் சொன்னார்.

1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளம். கழிவுகளின் பத்தியில் அரிசி, எரிவாயு, அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 34 வெள்ளி. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேமநிதியில் 2 விழுக்காடு கட்டுகிறார்கள், முதலாளியும் 2 விழுக்காடு போடுகிறார் என்று விளக்கினேன். அதைத் திரும்ப எடுக்கும்வரை அந்தப் பணம் எங்கே இருக்கும் என்று கேட்டார். பல இடங்களில் இருக்கும், இங்குள்ள செம்பனைத் தோட்டங்களிலும் கொஞ்சம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சீட்டை மறுபடி மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே, அப்படியென்றால் எங்கள் தோட்டத்திலும் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டார்.