கீமோ நடந்துட்டு இருக்கப்ப பசங்க லீவுக்கு வெளிய கூட்டிட்டு போலாமா?

கேள்வி: சிஸ்டர், நாங்க ஈரோடு. என் மனைவிக்கு 38 வயசு, மார்பக கேன்சர். ஜனவரில இடது பக்கம் ஆபரேஷன், அக்குள்ல இருந்த நெறிக்கட்டியும் எடுத்துட்டாங்க. 21 நாளைக்கு ஒருக்கா கீமோ, மொத்தம் 8. செவப்பு மருந்து 4 தடவையும் ஏப்ரல் 28ஓட முடிஞ்சுது, வேற மருந்து மே 19 ஆரம்பிக்கறாங்க. வருஷா வருஷம் மே மாசம் ஊட்டி போவோம். பொண்ணுக்கு 13, பையனுக்கு 7. பையன் தெனமும் ஊட்டி ஊட்டின்னு கேட்டுட்டே இருந்தான், எங்கம்மா ஒரு நாள் "உங்கம்மா இப்படி கெடக்கறப்ப ஊட்டி ஒரு கேடா"ன்னு திட்டிட்டாங்க, அதுலருந்து அவன் கேக்கறதே இல்ல. மனைவி போலாம்ங்கறா, எனக்கு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, போலாம். ஊட்டி இந்த மே மாசம் வேணாம், ராத்திரி தங்கறதும் வேணாம், ஆனா காலைல கெளம்பி மத்தியானத்துக்குள்ள திரும்பற மாதிரி ஒரு எடம் தாராளமா போலாம். நான் 20 வருஷத்துக்கு மேல கீமோ வார்டுல நர்ஸா இருக்கேன், ஏப்ரல் மே வந்துட்டா இந்த கேள்வி வராத வாரமே கெடையாது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேக்க கூச்சப்பட்டுட்டு நான் ட்ரிப் மாட்டும்போது மெதுவா "சிஸ்டர், பசங்கள ஒரு நாள் வெளிய கூட்டிட்டு போனா தப்பா"ன்னு கேப்பாங்க. பெரும்பாலும் நோயாளியேதான் கேப்பாங்க, கூட வந்தவங்க இல்ல. உங்க வீட்லயும் போலாம்னு சொல்றது உங்க மனைவிதான்ங்கறத கவனிச்சீங்களா?

எங்க போறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி என்னைக்கு போறதுன்னு முடிவு பண்ணணும். ஸ்கூல் லீவு ஒரு மாசத்துக்கு மேல இருந்தாலும் உங்களுக்கு கையில இருக்கறது அதுல நாலு நாள்தான். கீமோ போட்ட நாள ஒண்ணாவது நாள்னு வச்சு எண்ணிட்டு வாங்க. மொத வாரம் குமட்டல், அசதி, வாய் கசப்பு, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ரெண்டாவது வாரம் ஆளு பாக்க கொஞ்சம் தெளிஞ்சு எந்திரிச்சு நடமாடுவாங்க, இங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க, ஏன்னா ஏறக்குறைய 7ல இருந்து 14 நாளுக்குள்ளதான் ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப கீழ போயிருக்கும், அப்ப ஒரு சாதாரண கிருமி கூட பெரிய வேலை காட்டிடும். மூணாவது வாரம் எண்ணிக்கை மறுபடி ஏற ஆரம்பிக்கும். உங்க கணக்குக்கு ஏப்ரல் 28 ஒண்ணாவது நாள்னா மே 4ல இருந்து 11 வரைக்கும் வீட்டோட இருங்க, மே 14ல இருந்து 17க்குள்ள ஒரு நாள வெளிய போக வைங்க. அதுல ஞாயித்துக்கெழமை வந்தா அத விட்டுருங்க, கூட்டம் தாங்காது.

எப்படியும் அடுத்த கீமோவுக்கு முன்னாடி சிபிசிங்கற ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட் எடுப்பீங்க, அதுக்கு கூடுதலா மே 13 ஒரு தடவை எடுத்துருங்க. ரிப்போர்ட்ல மொத்த வெள்ளை அணுவும் பக்கத்துல அதுல நியூட்ரோஃபில், அதாவது கிருமிய எதுத்து சண்டை போடற வகை, எத்தனை சதவீதம்னும் இருக்கும், ரெண்டையும் பெருக்குங்க. மொத்தம் 4000, நியூட்ரோஃபில் 50 சதவீதம்னா 2000. அந்த நம்பர் 1500க்கு மேல இருந்தா மனசு நிம்மதியா கெளம்பலாம், 1000க்கு கீழ இருந்தா அன்னைக்கு போகாதீங்க, நடுவுல இருந்தா உங்க கீமோ டாக்டருக்கு போன் போட்டு கேளுங்க. நம்பர் நல்லா இருந்தாலும் போறதுக்கு முன்னாடி அவர் காதுல ஒரு வார்த்தை போட்டுருங்க, "டாக்டர், 17ஆவது நாள், கவுண்ட் இவ்ளோ, அரை நாள் வெளிய போறோம், ஒண்ணர மணி நேர கார் பயணம், போலாமா"ன்னு இப்படி முழுசா கேட்டீங்கன்னா பதில் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் கூட ஆகாது, "டூர் போலாமா"ன்னு மொட்டையா கேட்டா யாரா இருந்தாலும் வேணாம்னுதான் சொல்லுவாங்க.

ஊட்டி ஏன் வேணாம்ங்கறேன்னா, மலை ஏறுற கொண்டை ஊசி வளைவு நல்லா இருக்கறவங்களுக்கே வயித்த பொரட்டும், கீமோ குமட்டல் இன்னும் உள்ள உக்காந்திருக்க ஒடம்புக்கு அது பெரிய தண்டனை. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், நாலு கீமோ ஆனவங்களுக்கு ஹீமோகுளோபின் கொறஞ்சிருந்தா அங்க பத்து படி ஏறினாலே மூச்சு வாங்கும். மே மாசம் மலர் கண்காட்சி வேற, கூட்டம்னா கூட்டம். 2024 மே 7லருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கொண்டு வந்தும் சீசன்ல ரோடு நகர மாட்டேங்குது. காய்ச்சல் வந்து அவசரமா ஆஸ்பத்திரி போகணும்னா அந்த டிராபிக்ல மாட்டிக்கிட்டு என்ன பண்ணுவீங்க, எனக்கு அந்த பயம்தான் பெருசு.

ஈரோட்டுல இருந்துட்டு எடத்துக்கா பஞ்சம்? கோபி வழியா கொடிவேரி அணைக்கு போங்க. ஒண்ணர மணி நேரம், ரோடு சமவெளி, வழியெல்லாம் வயக்காடு, மருத்துவமனை இருக்க ஊரு ரெண்டு பக்கமும் பக்கத்துலயே இருக்கு. தண்ணி அதிகமா தெறந்து விட்ட நாள்ல அணைக்குள்ள குளிக்க விட மாட்டாங்க, அதனால அதயும், காலைல எத்தனை மணிக்கு உள்ள விடுவாங்கங்கறதயும் மொத நாளே விசாரிச்சுக்கோங்க. தெறக்கற நேரத்துக்கு போய் சேர்ற மாதிரி காலைலயே கெளம்புங்க, பசங்க ரெண்டு மணி நேரம் ஆட்டம் போடட்டும், உச்சி வெயில் ஏறறதுக்குள்ள கெளம்பிடலாம். உங்க மனைவி தண்ணில எறங்க வேணாம், ஆத்து தண்ணி, நீச்சல் குளம், வாட்டர் தீம் பார்க் எதுவும் இப்ப ஆகாது, கையில பிக் லைன், அதாவது மருந்து ஏத்த நரம்புல விட்டு வைக்கற டியூப், போட்டிருந்தா கண்டிப்பா ஆகாது. நெழல்ல ஒரு மடக்கு சேர் போட்டு உக்காந்துட்டு பசங்க குளிக்கறத பாக்கட்டும். இத கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா ஆஸ்பத்திரி சீலிங்கயே மூணு மாசமா பாத்துட்டு இருக்கவங்களுக்கு அது என்னங்கறது எனக்கு தெரியும், அப்படி போய்ட்டு வந்தவங்க அடுத்த கீமோவுக்கு வரும்போது பேசற பேச்சே வேற மாதிரி இருக்கும்.

கார்ல முன் சீட்டுல உக்காந்தா பெல்ட் ஆபரேஷன் பண்ண எடத்துல உரசும், நடுவுல ஒரு சின்ன தலகாணி வச்சுக்கோங்க. அக்குள் நெறிக்கட்டி எடுத்ததால இடது கை வீங்க வாய்ப்பு உண்டு, அந்த கைல பையோ பாட்டிலோ தூக்க வேணாம், கொசு கடிக்காம முழுக்கை காட்டன் டிரஸ் போடட்டும், எங்கயாவது பிபி பாத்தாலும் ஊசி போட்டாலும் வலது கைலதான்னு வாய் தெறந்து சொல்லணும். நடுவுல ஒரு எடத்துல வண்டிய நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க விடுங்க, கேன்சர் இருக்கவங்களுக்கு ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காந்தா கால்ல ரத்தம் கட்டற ஆபத்து மத்தவங்கள விட அதிகம். விக் வச்சிருந்தா வீட்லயே விட்டுட்டு வாங்க, மே மாச வெயிலுக்கு மெல்லிசு காட்டன் துணிய தலையில கட்டிக்கறதுதான் நிம்மதி. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்தை கேளுங்க, சிலர் ஆசையா எடுத்துக்குவாங்க, சிலருக்கு இந்த மொகத்த அப்பறம் பாக்கவே பிடிக்காது.

சாப்பாடு வீட்லருந்து. ஆவி பறக்க இட்லி எடுத்து ஹாட் பாக்ஸ்ல போட்டு ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள சாப்ட்ருங்க, தேங்கா சட்னி வேணாம், வெயில்ல சீக்கிரம் கெட்டுடும், பொடியும் எண்ணெயும் போதும். கொதிக்க வச்ச தண்ணி, தோல் உரிச்சு சாப்பிடற பழம், வாழைப்பழமோ ஆரஞ்சோ. ஐஸ் போட்ட கரும்புச்சாறு, வெட்டி வச்ச மாங்கா, பானிபூரி இதெல்லாம் அவங்க பக்கமே வரக்கூடாது. கொடிவேரின்னா மீன் வறுவல் வாசம் இழுக்கும், அவங்களுக்கு ஆசையா இருந்தா கண்ணு முன்னாடி சூடா பொரிச்சு எடுத்தத ஒரு துண்டு சாப்பிடலாம், காலைலயே பொரிச்சு தட்டுல அடுக்கி வச்சது வேணாம்.

இப்ப ரொம்ப முக்கியமானது. பைல ஒரு தெர்மாமீட்டர் வேணும், கெளம்பறப்பவும் பாக்கணும், திரும்பி வந்தும் பாக்கணும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்ட தொட்டுச்சுன்னா, இல்ல குளிர் நடுக்கம் எடுத்துச்சுன்னா, நெறய பேரு பண்ற மாதிரி பாராசிட்டமால் போட்டு படுக்க வைக்காதீங்க, அது காய்ச்சல மூடி மறைச்சிடும், கிருமி உள்ள வேலைய பாத்துட்டே இருக்கும். டாக்டருக்கு போன் போட்டுட்டே பக்கத்துல இருக்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டிய திருப்புங்க, வண்டி இல்லன்னா 108. உள்ள நொழஞ்சதும் மொத வார்த்தை "கீமோ போய்ட்டு இருக்கு, காய்ச்சல், இத்தனாவது நாள்". அத கேட்டா அவங்களுக்கு புரியும், வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போகணும். டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ மருந்து பேரு எழுதின ஷீட், கடைசி ரத்த ரிப்போர்ட் மூணையும் உங்க போன்லயும் பொண்ணு போன்லயும் போட்டோவா வச்சிருங்க. நான் பாத்த ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு போன ஊர்ல காய்ச்சல் வந்து, ஃபைல் வீட்ல இருந்ததால என்ன மருந்து போட்டோம்னு சொல்லத் தெரியாம ராத்திரி முழுக்க அலைஞ்சாங்க, பொழச்சிட்டாங்க, ஆனா அந்த அலைச்சல் யாருக்கும் வரக்கூடாது.

மே 19க்கு அப்பறம் போடற மருந்து பேக்லிடாக்செலா இருந்தா இன்னொண்ணும் தெரிஞ்சிக்கோங்க. குமட்டல் கொறையும், ஆனா போட்டு ரெண்டு மூணு நாள்ல ஒடம்பு வலி எடுக்கும், போகப்போக பாதம் மரத்துப் போகலாம். பாதம் மரத்தவங்க மே ஜூன் மாசம் கோயில் பிரகாரத்துல வெறுங்காலோட நடந்தா கல்லு சுடறதே தெரியாது, வீட்டுக்கு வந்து பாத்தா கொப்பளம், நான் கட்டு போட்டு விட்டிருக்கேன். வேண்டுதல் இருந்தா விடியக்காலம், கனமான சாக்ஸ் போட்டுட்டு, கூட்டமில்லாத நாள். திருவிழா, தேர், கும்பாபிஷேகம் இப்ப வேணாம்.

வெயில் காலத்துல பசங்களுக்கு அம்மை போடும், அதயும் பாத்துக்கணும். பெரியப்பா வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ ஒரு வாரம் அனுப்பறதா இருந்தா அங்க எந்த கொழந்தைக்காவது சின்னம்மையோ சளி காய்ச்சலோ இருக்கான்னு கேட்டுட்டு அனுப்புங்க. பசங்க தெரியாம சின்னம்மை இருக்க கொழந்தையோட வெளையாடிட்டாங்கன்னா அன்னைக்கே டாக்டருக்கு சொல்லணும், வீட்ல யாருக்காவது வரட்டும் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது. பொண்ணு போக மாட்டேன்னு சொன்னா தள்ளி விடாதீங்க, 13 வயசு, நாம இல்லாதப்ப அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துட்டுதான் நெறய பொண்ணுங்க வீட்ட விட்டு நகராதுங்க. ஆனா அவள சமையல்காரியாவும் ஆக்கிடாதீங்க, சாயந்திரம் ஒரு மணி நேரம் ஃப்ரெண்ட்ஸோட போய்ட்டு வான்னு நீங்களே அனுப்புங்க.

வெளிய போக முடியாத அந்த ரெண்டாவது வாரத்துக்கு மொட்டை மாடி இருக்கு. தண்ணி தெளிச்சு சூடு எறங்கினதும் பாய விரிச்சு, எல்லாரும் சுத்தி உக்காந்து கைல உருண்டை வாங்கி சாப்பிட்ட நிலாச்சோறு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்ல, அதேதான். உங்க மனைவிக்கு மட்டும் தனி தட்டு, தனி கரண்டி, அவ்ளோதான் வித்தியாசம். உங்கம்மாவயே பெசஞ்சு உருட்டிக் குடுக்க சொல்லுங்க, கைய சோப்பு போட்டு கழுவிட்டு. அவங்க திட்டினது பேரன் மேல கோவத்துல இல்ல தம்பி, மருமகளுக்கு இப்படி ஆயிடுச்சேங்கற பயத்துல, அக்கம்பக்கம் என்ன பேசுமோங்கறதும் சேந்துருக்கும். "டாக்டரே போய்ட்டு வரச் சொல்லிருக்காரு"ங்கற ஒரு வார்த்தைக்கு நம்ம வீட்டு பெரியவங்க கட்டுப்படுவாங்க, அதுக்காகவும்தான் டாக்டர்கிட்ட முன்னாடியே கேக்க சொன்னேன். கொடிவேரிக்கு அவங்களயும் கூட்டிட்டு போங்க.

இத படிக்கற மத்தவங்களுக்கும் சுருக்கமா சொல்லிடறேன். குடல் கேன்சருக்கு ஆக்சாலிபிளாட்டின்ங்கற கீமோ மருந்து போறவங்க குளுர் எடத்துக்கு போகாதீங்க, ஐஸ்கிரீம், ஃப்ரிட்ஜ் தண்ணி தொட்டாலே வெரலும் தொண்டையும் ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும். ரேடியேஷன்ல இருக்கவங்களுக்கு வாரத்துல அஞ்சு நாள் கரன்ட் வைப்பாங்க, அத ஒரு நாள் கூட விடாதீங்க, போறதா இருந்தா சனி ஞாயிறு, அந்த தோல்ல வெயில் படக்கூடாது. ரயில்ல கேன்சர் நோயாளிக்கு இருக்க கட்டண சலுகை சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போய்ட்டு வர்றதுக்குதான், டூருக்கு அதுல டிக்கெட் போடாதீங்க. டயாலிசிஸ்ல இருக்கவங்க வெளியூர்ல தங்கணும்னா அந்த ஊரு சென்டர்ல ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பேசி, மஞ்சக்காமாலை பி, சி, ஹெச்ஐவி ரிப்போர்ட் அனுப்பி எடம் உறுதி பண்ணிட்டு அப்பறம் ரூம் போடுங்க.

தம்பி, கடைசியா உங்க பையன். ஏழு வயசுல கொழந்தைங்க நாம நெனைக்கவே முடியாத கணக்கெல்லாம் போடும், நான் ஊட்டி கேட்டதாலதான் அம்மாவுக்கு வாந்தி வருது, நான் அன்னைக்கு சண்டை போட்டதாலதான் கட்டி வந்துச்சுன்னு. கேக்கறத நிறுத்திட்டான்னு எழுதிருக்கீங்க பாருங்க, உங்க கடிதத்துலயே எனக்கு ரொம்ப உறுத்தினது அதுதான். இன்னைக்கு ராத்திரி அவன பக்கத்துல படுக்க வச்சு சொல்லுங்க, அம்மாவுக்கு வந்திருக்கறதுக்கு பேரு கேன்சர், யார் பண்ணதாலயும் வரல, நீ ஊட்டி கேட்டதால வரவே இல்ல, தொட்டா ஒட்டாது, அம்மாவ கட்டிப்பிடிச்சுக்கலாம், கைய மட்டும் கழுவிட்டு வா. உங்க கணக்குப்படி எட்டாவது கீமோ ஜூலை 21 வரும், அப்பறம் ரேடியேஷன் இருந்தாலும் பெரும்பாலும் காலாண்டு லீவுக்குள்ள முடிஞ்சிடும், அதனால "காலாண்டு லீவுல டாக்டர் சரின்னு சொன்னா ஊட்டி, இப்ப கொடிவேரி"ன்னு சொல்லுங்க, சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க, நாள் தள்ளிப் போனா கொழந்தை ஒடஞ்சு போயிடுவான். காலண்டர்ல மே 14, 15, 16, 17 நாலு நாளயும் அவன் கையாலயே வட்டம் போட சொல்லுங்க, தெர்மாமீட்டர் பாக்கற வேலையயும் அவனுக்கே குடுங்க.