தூக்கத்தில் நாடி 41: பயப்பட வேண்டுமா?

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வயது 39, பலசரக்குக் கடை. ஆறு வருடமாக விடியற்காலையில் மலைச்சாலையில் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வரை சைக்கிளில் போய் வருகிறார். போன மாதம் வாட்ச் வாங்கிக் கட்டியதிலிருந்து ராத்திரி மூன்று மணிவாக்கில் நாடித்துடிப்பு 41, 42 என்று காட்டுகிறதாம். பக்கத்துக் கடை அண்ணாச்சி "பேஸ்மேக்கர் வைக்கணும்" என்று சொல்லிவிட்டார், வீட்டம்மா நடுராத்திரியில் எழுப்பி எழுப்பிப் பார்க்கிறார். தென்காசியில் காட்டவா, புனலூர் போகவா என்பதுதான் கேள்வி.

முதலில் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், உங்களைத் தூங்க விடட்டும். எழுப்பின உடனே துடிப்பு ஏறிவிடும், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

நிமிடத்துக்கு 60 முதல் 100 என்று புத்தகத்தில் இருப்பது, விழித்து ஓய்வாக இருப்பவருக்கான கணக்கு. ஆழ்ந்த தூக்கத்தில், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடும், துடிப்பு தானாக இறங்கும், இது எல்லோருக்கும் உள்ளது. வருடக்கணக்கில் மலை ஏறுகிறவரின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் அதிகம், அதனால் குறைந்த துடிப்பே அந்த உடம்புக்குப் போதும். நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குத் தூக்கத்தில் நாற்பதை ஒட்டி, சிலருக்கு முப்பதுகளில்கூட இறங்குவதைப் பார்க்கிறோம். தூக்கத்தில் மட்டும் துடிப்பு குறைகிறது, வேறு தொந்தரவு இல்லை என்றால் அதற்காகப் பேஸ்மேக்கர் வைக்கக் கூடாது என்று 2018-இல் அமெரிக்க இதயநல அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நான் பார்ப்பது 41-ஐ அல்ல. எஸ் வளைவில் மூச்சு வாங்க மிதிக்கும்போது துடிப்பு எவ்வளவு ஏறுகிறது? 140, 150 என்று போய், இறங்கி நின்றதும் படிப்படியாகக் குறைகிறது என்றால் துடிப்பைக் கிளப்பும் பகுதி ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். ஏற்றத்திலும் 80, 90-ஐத் தாண்டவில்லை, முன்பு சுலபமாக ஏறின இடத்தில் இப்போது கால் சோர்கிறது என்றால் அதுதான் எனக்குக் கவலை.

வாட்சும் தப்பு விடும். அது தோலில் பச்சை ஒளி அடித்து ரத்த ஓட்டத்தைப் படிக்கிறது. பட்டை தளர்ந்தாலும் கை குளிர்ந்தாலும் எண்ணிக்கை தவறும், இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகளையும் பல நேரம் விட்டுவிடும். அதனால் காலையில் கண் விழித்ததும், காபிக்கு எழுவதற்கு முன்னால், கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை லேசாக வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். ஒரு வாரம் எழுதி வையுங்கள், துடிப்பு தாளம் தவறுகிறதா என்பதையும் சேர்த்து.

தலைசுற்றல், மயக்கம், கண் இருட்டல், நெஞ்சுவலி, பகலில் விழித்திருக்கும்போதே நாற்பதுக்குக் கீழே, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீர் மரணம், இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மயங்கி விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்கள், பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது என்றால் அது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம், அதுவும் ராத்திரி துடிப்பை இறக்கும்.

அப்புறம் மருந்து. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால், ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் எல்லாம் துடிப்பைக் குறைப்பவை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் குறைக்கும், கண்ணில்தானே விடுகிறோம் என்று பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு இறங்கும்.

சொன்ன தொந்தரவு எதுவும் இல்லையா? சரி, மன நிம்மதிக்கு ஒரு இசிஜியும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் போதும், அதைத் தென்காசியிலேயே பார்க்கலாம், இதற்காகப் புனலூர் போக வேண்டாம். போகும்போது எழுதி வைத்த தாளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், தினமும் சைக்கிள் மிதிப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.