டைல்ஸ் ஒட்டத் தேர்ந்த ஆள்தான் வேண்டுமா?

"நல்ல டைல்ஸ் வாங்கியாச்சு, யார் ஒட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸைவிட ஆள்தான் முக்கியம் என்பேன்.

அதிக வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுக வைத்த விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். தண்ணீரில் கரைத்த வெறும் சிமென்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. பழகாதவர் நாலு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டையாக வைத்து அமுக்கிவிட்டுப் போய்விடுவார். மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடியில் பசை இல்லாத இடத்தை நாணயத்தால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும். கனமான பாத்திரம் விழுந்தால் அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். வேலை தெரிந்தவர் பல் வைத்த கரண்டியால் பசையைத் தரை முழுக்க இழுப்பார். ஒட்டிய ஒன்றைப் பெயர்த்து, பின்பக்கம் பசை பரவியிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

தரைமட்டம் எப்படிப் பார்ப்பீர்கள், சுவரோரம் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். அவர் முடித்து ஒரு வருடமான தரையை நேரில் தட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.