25,000 ரூபா கட்டினால் சராசரியாகக் கைக்கு வருவது 20,625

கேள்வி: கொழும்பில் ஒரு கசினோவில் பிளக்ஜாக் என்ற சீட்டாட்டப் போட்டி நடக்கிறதாம். 80 பேர், ஆளுக்கு 25,000 ரூபா. முதற்பரிசு 8 இலட்சம், அடுத்தது 4 இலட்சம், பிறகு 2 இலட்சம், அதற்குப் பின் ஐந்து பேருக்கு 50,000 வீதம். தோற்றால் 15,000 கட்டி ஒருமுறை திரும்பவும் இருக்கலாம். பெரும்போக நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. கூட்டாளிமார் மூன்று பேர் போகினம். நானும் போகட்டோ?
– வாசகர், பரந்தன்

பதில்: போகாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

80 பேரிடமும் சேர்வது 20 இலட்சம். பரிசுகளைக் கூட்டிப் பாருங்கள்: 16.5 இலட்சம். மீதி 3.5 இலட்சம் சீட்டுப் போடும் முன்னரே நடத்துபவரின் பெட்டிக்குள் போய்விட்டது. ஆளுக்குச் சராசரி 20,625 திரும்பி வரும் என்பதும் கணக்கில் மட்டும்தான். உண்மையில் 72 பேர் வெறுங்கையோடு எழும்புவார்கள்.

அந்த 15,000 தான் பெரிய பொறி. 40 பேர் திரும்பக் கட்டினால் இன்னும் 6 இலட்சம் சேரும். பரிசோ அதே 16.5 இலட்சம். கட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் 63 சதம்தான் திரும்புகிறது. திரும்பக் கட்டும் காசு பரிசில் சேருமா என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எல்லோரும் சீட்டுப் போடும் டீலரின் கைக்கு எதிராக ஆடினாலும், கடைசியில் யாரிடம் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) கூட என்பதுதான் வெற்றி. அதனால் போட்டியில் எதிராளி கசினோ அல்ல, பக்கத்துக் கதிரைக்காரர். திறமைக்கு இடம் உண்டு என்பது சரி. அந்தத் திறமை எப்படிப்பட்டது என்று பாருங்கள். கடைசிக் கை. முன்னுக்கு நிற்பவரிடம் 12,000 சிப்ஸ், உங்களிடம் 10,000. அவர் முதலில் 4,000 வைக்கிறார். புதியவர் பதறி 10,000 ஐயும் தள்ளுவார். பழகினவர் 1,500 மட்டும் வைப்பார். டீலர் இருவரையும் வென்றால் அவருக்கு 8,000, உங்களுக்கு 8,500. அவர் தோற்றால் போதும், நீங்கள் வென்றாலும் தோற்றாலும் முன்னுக்கு வந்துவிடுவீர்கள். இருவருக்கும் எதிரே இருப்பது டீலரின் ஒரே கைதான். ஆகையால் இருவரும் ஒன்றாகத் தோற்பது அடிக்கடி நடக்கும். இந்தக் கணக்கை அரை நிமிடத்தில் போடுகிறவர்கள் அந்த 80 பேருக்குள் இருப்பார்கள். முதல்முறை போகும் உங்களுக்குச் சராசரிகூடக் கிடைக்காது.

செலவைச் சேருங்கள். இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் நுழையவே டொலர்க் கணக்கில் வரி கட்ட வேண்டும். அது 25,000 க்குள் அடங்குமா, புறம்பா? பரந்தனிலிருந்து போய்வர, தங்க, சாப்பிட 12,000 என்று குறைத்துப் போட்டாலும் உங்கள் முதல் 37,000 ஆகிறது.

அதைவிட மோசமானது தோற்ற பிறகு வரும் நேரம். அரை மணித்தியாலத்தில் வெளியேறிவிடுவீர்கள், கூட்டாளிமார் இன்னும் ஆடுகிறார்கள், சாப்பாடும் குடியும் இலவசம், ஊருக்கு பஸ் விடிந்தால்தான். பக்கத்தில் ரூலெட், அதாவது எண்கள் போட்ட சூதாட்டச் சக்கரம், சுற்றுகிறது. ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் கசினோவின் பங்கு 2.7 வீதம், இரட்டைப் பூச்சியத்தில் 5.26 வீதம். சிறிதாகத் தெரியும். ஆனால் அது கையில் உள்ள காசுக்கு அல்ல, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். 500 ரூபா வீதம் மணிக்கு 40 சுற்று ஆடினால் 20,000 ரூபாவுக்குப் பந்தயம் கட்டியிருப்பீர்கள். விடியும்வரை என்றால் நெல்லுக் காசு முழுவதும் பலமுறை அந்த மேசையைச் சுற்றிவரும், ஒவ்வொரு முறையும் குறைந்து. உங்களை அங்கே கூப்பிடுவதே இதற்காகத்தான். சிறுபோகத்துக்கு உழவுக்கூலியும் உரமும் அந்தக் காசில்தானே? அது போனால் அடுத்தது நுண்கடன் வாசல். வன்னியில் அந்த வாசலில் நின்றவர்களின் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போட்டியில் கணக்கு உங்கள் பக்கம் சாயும் நிலைமை ஒன்றே ஒன்றுதான்: எத்தனை பேர் வந்தாலும் 16.5 இலட்சமும் தருவோம் என்ற உத்தரவாதம் இருந்து, ஆட்கள் குறைவாக வருவது. திரும்பக் கட்டுதல் இல்லாவிட்டால், 66 பேர் வரும்போது கட்டியதும் பரிசும் சரிக்குச் சரி. உங்கள் வழிச்செலவோடு பார்த்தால் 44 பேருக்கு மேல் வரக்கூடாது. பெரும்பாலும் விதித்தாளின் அடியில் "ஆட்கள் குறைந்தால் பரிசும் குறையும்" என்று இருக்கும். கூப்பிட்டவரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். "வந்து பாருங்கோ" என்று சொன்னால், அந்த மூன்று கூட்டாளிமாரையும் மறித்துவிடுங்கள்.