பனிக்காலத்திலும் மணக்கும் தோட்டம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டிகளில் குண்டுமல்லி வைத்திருக்கிறோம். கோடையில் அள்ளி அள்ளிக் கொடுத்த செடிகள், கார்த்திகை பிறந்ததிலிருந்து மொட்டே விடவில்லை. என்ன உரம் போட்டால் மார்கழியில் பூக்கும்? (வாசகி, தாம்பரம்)

பதில்: எந்த உரம் போட்டாலும் பூக்காது, போடாமல் இருப்பதே இப்போதைக்குச் செடிக்கு நல்லது. குண்டுமல்லிக்கு வெயிலும் வெம்மையும் வேண்டும். இரவு குளிர்ந்து பனி இறங்கத் தொடங்கினால் புதுத் தளிர் விடுவது குறைந்துபோகும். மல்லியில் புதுத் தளிரில்தான் மொட்டு வரும் என்பதால் பூவும் நின்றுவிடும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியே மார்கழியிலும் தையிலும் வரத்துக் குறைந்து, கிலோ ஆயிரங்களில் விற்பதற்கும் இதுதான் காரணம். ஆகவே இந்த ஓய்வுக் காலத்தைக் கவாத்துக்குப் பயன்படுத்துங்கள். நவம்பர் கடைசி வாரத்தில், உங்கள் ஊரில் மழை வலுத்திருந்தால் அது ஓய்ந்த பிறகு, செடியை 45 முதல் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, காய்ந்த குச்சிகளையும் பின்னிக் கிடக்கும் கிளைகளையும் நீக்கி, மேல்மண்ணைக் கிளறி மக்கிய தொழுவுரம் இடுங்கள். மாசி, பங்குனியில் மொட்டுப் பிடிக்கும். முல்லைக்கு மட்டும் இந்தக் கவாத்தை ஜனவரி கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: மரிக்கொழுந்து விதை வாங்கி ஆடிப் பட்டத்தில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை போலியா? (வாசகர், சேலம்)

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது, பழைய விதையாக இருந்திருக்கலாம், பருவமும் தவறானது. மரிக்கொழுந்து விதைக்கு முளைப்புத் திறன் நீண்ட நாள் நிற்காது என்பதால், அந்த ஆண்டு அறுவடையில் எடுத்த விதைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பனிக்காலத் தோட்டத்துக்கு வாசனைச் செடி ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெருமழையில் அழுகிவிடும் இந்தச் செடிக்கு மிதமான குளிரும் இரவுப் பனியும் தெளிந்த வெயிலும்தான் ஒத்துவரும். நம் தோட்டங்களில் இவை மூன்றும் ஒன்றுசேர்வது மார்கழியிலும் தையிலும்தான்.

ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ விதையுங்கள். விதையை ஈரத் துணியில் இரண்டு நாள் முடிந்துவைத்து, முளை எட்டிப் பார்க்கும்போது மணலுடன் கலந்து தூவ வேண்டும். கையில் எடுத்தால் தூசி போல ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பொடியான விதை அது. அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டால் எழுந்து வராது. மெல்லிய மணல் தூவலும் கைத்தெளிப்பானின் நீரும் போதும், குழாயைத் திறந்து பாய்ச்சினால் விதை ஓரத்தில் போய்க் குவிந்துவிடும். ஒரு மாத நாற்றைப் பிடுங்கி, தண்ணீர் தேங்காத தொட்டியில் நடுங்கள். விதைத்ததிலிருந்து ஏறத்தாழ 110, 115 நாளில், அதாவது மாசி, பங்குனியில், சிறு மஞ்சள் பூக்கள் வரும். அப்போதுதான் மணம் உச்சத்தில் இருக்கும். சாம்பல் பூத்த அந்த இலையை விரலால் லேசாகக் கசக்கிப் பார்த்தால், கனிந்த பழத்தின் இனிப்பு கலந்த நெடி வெகுநேரம் கையைவிட்டுப் போகாது. இரண்டொரு செடிகளைப் பறிக்காமல் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக்கு விதை கிடைக்கும்.

நாற்றங்கால்களில் மருவைக் காட்டி மரிக்கொழுந்து என்று விற்பதும் உண்டு. மரிக்கொழுந்தின் இலை நுணுக்கமாகப் பிளவுபட்டிருக்கும். மருவின் இலை சிறியதாக, பிளவில்லாமல், நீள்வட்டமாக இருக்கும். கதம்பத்தில் இரண்டுக்குமே இடம் உண்டு, அதனால் மரு கிடைத்தால் அதையும் வாங்குங்கள். குச்சி ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும்.

கேள்வி: வாசல் ஓரத்தில் வைத்த சாமந்தி செழிப்பாக இருக்கிறது, தை பிறக்கப் போகிறது, மொட்டைக் காணோம். பின்கட்டில் உள்ள அதே செடி பூத்துக் குலுங்குகிறது. (வாசகி, திருச்சி)

பதில்: வாசலில் தெருவிளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். விடிய விடிய வெளிச்சம் பட்டால் இன்னும் கோடை போகவில்லை என்றே செடி நடந்துகொண்டு, இலையைப் பெருக்கிக்கொண்டிருக்கும். தொட்டியை இருட்டான பக்கத்துக்கு நகர்த்துவது ஒன்றே வழி. இந்தப் பருவத்துக்கே காலம் கடந்துவிட்டது என்றாலும், நகர்த்திய செடி தாமதமாகவாவது பூக்கும்.

கேள்வி: மதில் ஓரம் மரமல்லி வைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை இரவெல்லாம் மணக்கும் அருமையான மரம்தான். ஆனால் உயரமாக வளரும், காற்றில் கிளை முறியும், வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் பவளமல்லி வையுங்கள். கவாத்துச் செய்து ஆளுயரத்திலேயே நிறுத்தலாம், மார்கழி வரையில் விடியற்காலையில் பூ உதிர்க்கும்.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். குளிர்காலத்தில் பூக்கும் மல்லிகை என்று கடையில் வாங்கிய கொடி ஜனவரியில் மஞ்சளாகப் பூத்தது, துளியும் வாசனை இல்லை. (வாசகி, லண்டன்)

பதில்: நீங்கள் வாங்கியது ஜாஸ்மினம் நூடிஃப்ளோரம். கடுங்குளிரில் பூப்பது அதன் சிறப்பு. வாசனை அதற்குக் கிடையாது. மல்லிகை மணம் வேண்டுமென்றால் ஜாஸ்மினம் பாலியாந்தம் என்று பெயரைப் பார்த்து வாங்குங்கள். இளஞ்சிவப்பு மொட்டும் வெள்ளைப் பூவும் கொண்ட சீனத்துக் கொடி இது. இலையுதிர் காலத்துக் குளிர்ச்சி பட்டால்தான் மொட்டு வைக்கும் என்பதால் அதுவரை வெளியே விட்டுவைத்து, உறைபனி வருமுன் உள்ளே எடுத்து, வெளிச்சமான, அதிகம் சூடேற்றாத அறையில் வையுங்கள். ஹீட்டர் அருகே வைத்தால் மொட்டுகள் காய்ந்துவிடும். வெளியே வாசற்படி ஓரத்துக்கு சார்கோகாக்கா பொருத்தம். நிழலைத் தாங்கும் பசுமைமாறாப் புதர் அது. கண்ணில் படாத அளவுக்குச் சிறிய வெள்ளைப் பூக்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை தேன் மணம் வீசும். டாஃப்னி என்ற புதரின் மணம் அதையும் மிஞ்சும் என்றாலும், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.