எம்பிஏ மாணவர்களும் மேலாண்மை ஆய்வாளர்களும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாமா?

மேலாண்மைப் பாடம் நடத்துபவன் என்ற முறையில், அனுமதிக்கலாம் என்பதே என் பதில். ஆனால் வீட்டிலிருந்து எழுதி வரும் கட்டுரைக்கு இதுவரை தந்துவந்த மதிப்பெண்ணை இனியும் அப்படியே தர முடியாது.

தடை விதித்தால் மீறியவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நம்பகமான வழி இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டறியவென 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

அந்த ஜனவரியில்தான் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிறிஸ்டியன் டெர்வீஷ், தமது செயல்பாட்டு மேலாண்மைத் தேர்வு வினாக்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துப் பார்த்து, அதன் விடைகளுக்கு 'பி' முதல் 'பி மைனஸ்' வரை தரலாம் என்று மதிப்பிட்டார். விளக்கங்கள் சிறப்பாக இருந்தன. எளிய கணக்குகளில் சறுக்கியது. அதன்பின் வந்த மாதிரிகள் கணக்கில் வெகுவாகத் தேறிவிட்டன என்றாலும், சரளமான நடை பிழையை மறைத்துவிடும் என்ற சிக்கல் தீரவில்லை.

பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தின் 758 ஆலோசகர்களைக் கொண்டு 2023இல் நடத்தப்பட்ட சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியின் திறனுக்குட்பட்ட பணிகளில் அதைப் பயன்படுத்தியோர் சுமார் 12 சதவீதம் கூடுதலான பணிகளை, 25 சதவீதம் விரைவாக முடித்தனர். திறனுக்கு அப்பாற்பட்டதாகத் தேர்ந்தெடுத்த ஒரு பணியிலோ, சரியான விடையை எட்டியவர்களின் விகிதம், பயன்படுத்தாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எந்தப் பணி எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரிவதில்லை. அனுபவமுள்ள ஆலோசகர்களுக்கே இந்த நிலை என்றால் மாணவரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் வகுப்பில் கேஸ் ஸ்டடி அறிக்கையை எப்படி வேண்டுமானாலும் தயாரிக்கலாம். மதிப்பெண்ணின் பெரும்பகுதி அதன்மேல் நடக்கும் பத்து நிமிட வாய்மொழித் தேர்வுக்குத்தான். வட்டி விகிதம் இரண்டு புள்ளி உயர்ந்தால் இந்த முதலீட்டு முடிவு நிற்குமா என்று கேட்பேன். பக்கம் பக்கமாக அழகாக எழுதிய ஒரு மாணவர், தள்ளுபடி விகிதத்தை (வருங்கால வரவை இன்றைய மதிப்புக்கு மாற்றும் விகிதம்) ஏன் அந்த அளவில் வைத்தார் என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். (நேரம் அதிகம் பிடிக்கிறது என்பதை மறைக்கவில்லை, நூறு பேர் கொண்ட வகுப்பில் இது எளிதன்று.)

ஆய்வைப் பொறுத்தவரை, மொழியைத் திருத்தவும் நிரல் எழுதவும் தயங்காமல் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதைக் கட்டுரையில் தெரிவிக்கவும் வேண்டும். பொறுப்பேற்க இயலாத காரணத்தால் இக்கருவியைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க முன்னணி ஆய்விதழ்கள் மறுக்கின்றன. இல்லாத கட்டுரைகளை மேற்கோளாகக் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு என்பதால் ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் சரிபார்க்க வேண்டும்; நிறுவனங்கள் நம்பிக்கையோடு தந்த நேர்காணல் பதிவுகளை அனுமதியின்றிப் பொதுக் கருவிகளில் ஏற்றக் கூடாது.

என்னை அதிகம் உறுத்துவது, மனிதர்களுக்குப் பதிலாக இயந்திரத்தையே வாடிக்கையாளராக நடிக்கவைத்துக் கருத்துக்கணிப்பு நடத்தும் போக்கு. அதன் விடைகள் சராசரியைச் சுற்றியே குவிய முனைகின்றன. சந்தை ஆய்வோ பெரும்பாலும் சராசரியிலிருந்து விலகி நிற்பவரைத்தான் தேடுகிறது. வினாப்பட்டியலில் குழப்பமான கேள்விகளைக் களைய மட்டும் என் ஆய்வு மாணவர்களை இம்முறையைக் கையாள விடுகிறேன். தரவு என்ற பெயரில் அது ஆய்வேட்டுக்குள் வந்தால் நான் கையெழுத்திடுவதில்லை.